மருத்துவமனையில் தவறு நடந்துவிட்டதா? முதலில் கேஸ் ஷீட்டைக் கேளுங்கள்

[திரையில்: எழும்பூர், சென்னை – 1996]

1996 ஆகஸ்ட் மாதக் கடைசி. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. 29 வாரத்திலேயே பிறந்த குறைமாதக் குழந்தை. எடை 1,250 கிராம்தான். குழந்தையைக் காப்பாற்றி, செப்டம்பரில் டிஸ்சார்ஜ் செய்தார்கள். பிழைத்துவிட்டது என்ற நிம்மதியோடு பெற்றோர் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள்.

சில மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது, குழந்தைக்குக் கண் தெரியவில்லை என்று.

குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிரித்துவிடக்கூடும். டாக்டர்கள் இதை ஆர்.ஓ.பி. என்பார்கள். பிறந்த சில வாரங்களுக்குள் கண் மருத்துவர் பரிசோதித்தால் கண்டுபிடித்துவிடலாம், பெரும்பாலும் பார்வையையும் காப்பாற்றிவிடலாம். இந்தக் குழந்தைக்கு அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. "கண்ணைக் காட்டுங்கள்" என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவும் இல்லை.

வழக்கு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. அங்கே 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 1-ம் தேதி அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்தியது. ஊழியர்கள் செய்த தவறுக்குத் தமிழக அரசும் பொறுப்பு என்றது. குழந்தை பிறந்து ஏறக்குறைய 19 வருடம் கழித்து வந்த தீர்ப்பு இது.

அந்த டாக்டர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உயிரைக் காப்பாற்றியவர்களே அவர்கள்தான். ஆனால் செய்தே ஆக வேண்டிய ஒரு பரிசோதனையைச் செய்யவில்லை, சொல்லவும் இல்லை. மருத்துவ அலட்சியம் என்று சட்டம் பார்ப்பது இதைத்தான்.

[திரையில்: எது அலட்சியம், எது இல்லை?]

நோயாளி இறந்துவிட்டார் என்பதாலோ, ஆபரேஷன் பலிக்கவில்லை என்பதாலோ மட்டும் அது அலட்சியம் ஆகிவிடாது. இது கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் பல வழக்குகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. அதே துறையில் சராசரித் திறமை உள்ள இன்னொரு டாக்டர், அதே நிலைமையில், நியாயமாக என்ன செய்திருப்பார் என்பதுதான் அளவுகோல். நாட்டிலேயே சிறந்த நிபுணரோடு யாரும் ஒப்பிட மாட்டார்கள். இரண்டு சிகிச்சை முறைகள் ஏற்கப்பட்டிருந்து, டாக்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அது பலிக்காமல் போனால் அதுவும் தவறு ஆகாது.

சம்மதம் வேறு விஷயம். டெல்லியில் ஒரு பெண், வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குச் சம்மதம் கொடுத்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோதே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வெளியே இருந்த தாயிடம் கேட்டோம் என்றார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அது செல்லாது, அவரிடமேதான் கேட்டிருக்க வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்துவிட்டது என்று சந்தேகம் வருகிறது. என்ன செய்வது?

[திரையில்: கேஸ் ஷீட் – 72 மணி நேரம்]

முதல் வேலை, கேஸ் ஷீட். வக்கீலைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி உங்கள் கையில் இருக்கலாம். அது இரண்டு மூன்று பக்கச் சுருக்கம்தான், போதாது. உள்ளே இருக்கும் முழுக் கோப்பின் நகல் வேண்டும்: டாக்டர்கள் ரவுண்ட்ஸில் எழுதியது, நர்ஸ் குறிப்புகள், மருந்து கொடுத்த சார்ட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, கையெழுத்து வாங்கிய சம்மதப் படிவங்கள், லேப் ரிப்போர்ட், ஸ்கேன்.

நர்ஸ் குறிப்பை ஏன் கேட்கச் சொல்கிறேன்? அதில் மணி எழுதியிருக்கும். உதாரணமாக, இரவு 11.40-க்கு "பி.பி. குறைகிறது, டியூட்டி டாக்டருக்குத் தகவல் சொல்லப்பட்டது" என்று ஒரு வரி. டாக்டரின் அடுத்த குறிப்பு காலை 6 மணிக்கு. நடுவில் ஒன்றுமே இல்லை. உங்கள் வழக்கின் மையமே அந்த ஆறு மணி நேரமாக இருக்கலாம். நீங்கள் நுகர்வோர் ஆணையத்தில் எத்தனை பேசினாலும் இந்த இரண்டு வரிக்கு ஈடாகாது.

மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களை, சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருடம் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். எனவே வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், நகலில் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

இறப்பு நடந்து, காரணத்தில் சந்தேகம் இருந்தால், இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் இதைச் சொல்வதே கஷ்டம். போலீசில் புகார் கொடுத்து, போஸ்ட்மார்ட்டம் கேளுங்கள். "உடம்பை அறுக்கக் கூடாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள், அந்த மனசு புரிகிறது. ஆனால் தகனம் முடிந்தபின், எதனால் இறந்தார் என்பதற்கு மருத்துவமனை எழுதிய காகிதம் மட்டும்தான் மிஞ்சும்.

ஆத்திரத்தில் வார்டு கண்ணாடியை உடைப்பது, டாக்டர் மேல் கை வைப்பது, இரண்டும் வேண்டாம். அதற்கென்றே தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. அலட்சியத்துக்கு நியாயம் கேட்கப் போன குடும்பம் கிரிமினல் வழக்கில் அலைய நேரிடும்.

[திரையில்: எங்கே போவது?]

இழப்பீடு வேண்டுமானால், பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்ற இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் ஒரு சேவைதான் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்கிற மருத்துவமனை மட்டும் இதற்குள் வராது. ஆனால் ஒரே மருத்துவமனையில் சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்த்தால், இலவசமாகப் பார்த்துக்கொண்டவரும் வழக்குப் போடலாம். முழுக்க இலவச மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு சிவில் கோர்ட், உயர் நீதிமன்றம் என்ற வழிகள் இருக்கின்றன.

எந்த ஆணையம் என்பது, நீங்கள் சிகிச்சைக்குக் கட்டிய தொகையைப் பொறுத்தது. கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தது அல்ல. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். தென்காசிக்காரர் சென்னை மருத்துவமனை மேல் வழக்குப் போட சென்னைக்கு ஓட வேண்டாம். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

காலக்கெடு 2 வருடம். இதில் அசட்டையாக இருக்காதீர்கள். 1993-ல் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றில் விட்டுப்போன துணியை 2002-ல்தான் கண்டுபிடித்தார்கள். அவர் வழக்குப் போட்டது 2004-ல். அத்தனை வருடம் வலி இருந்தும் ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்டு, காலம் கடந்துவிட்டது என 2010-ல் உச்ச நீதிமன்றமே கைவிரித்துவிட்டது. வயிற்றில் துணி இருந்ததை யாரும் மறுக்க முடியாது. அப்படியிருந்தும் கைக்கு ஒன்றும் வரவில்லை. தாமதத்துக்கு நல்ல காரணம் இருந்தால் ஆணையம் மன்னிக்கலாம். அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

டாக்டர் மேல் நடவடிக்கை வேண்டுமானால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. இழப்பீடு அங்கே கிடைக்காது. கிரிமினல் வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்றும், இன்னொரு டாக்டரின் சுதந்திரமான கருத்தைப் பெற்ற பிறகே போலீஸ் மேலே போக வேண்டும் என்றும் 2005-ல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கு 106-வது பிரிவு. சிகிச்சையின்போது டாக்டரின் அலட்சியத்தால் மரணம் என்றால் அதிகபட்சம் 2 வருடச் சிறை.

[திரையில்: வக்கீலைப் பார்க்கப் போகும்போது]

நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே வாதாடலாம். ஆனாலும் மருத்துவ வழக்குக்கு வக்கீல் வைப்பது நல்லது என்றே சொல்வேன். எதிர்த்தரப்பு மருத்துவப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு வரும். போவதற்கு முன், நடந்ததைத் தேதி, மணி வாரியாக ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் வீட்டில் இருக்கட்டும், நகலைக் கொடுங்கள். மருத்துவ வழக்கு நடத்தியிருக்கிறாரா, வேறொரு டாக்டரிடம் கோப்பைக் காட்டிக் கருத்து வாங்குவாரா என்று நேராகக் கேளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை என்று 2010-ல் தீர்ப்பு இருக்கிறது. இருந்தாலும் வழக்குப் போடலாமா என்பதை முடிவு செய்யவே அது உதவும்.

"ஜெயித்தால் 30 சதவீதம் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேச இந்திய பார் கவுன்சில் விதிகளில் இடமில்லை. காசு இல்லையே என்று தயங்குபவர்கள் 15100 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், இலவசச் சட்ட உதவிக்கானது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள். மாவட்டக் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேராகவும் போகலாம்.

வழக்குக்கு முன்பே மருத்துவமனை சமாதானம் பேச வரலாம். பில்லைத் தள்ளுபடி செய்கிறோம், இதில் ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள் என்பார்கள். "சிகிச்சையில் திருப்தி, எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வக்கீலுக்கு அனுப்புங்கள். அவர் பார்த்துச் சொல்லும் வரை பேனாவைத் தொட வேண்டாம்.