ப்ளேயரை மாத்த விண்டோ இருக்கு, ஓனரை மாத்த?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடைசி வரிசை வரைக்கும் உக்காந்திருக்கற மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"ஒரு கால்பந்து கிளப்பைக் கெடுக்கறது தப்பான ட்ரான்ஸ்பரா, தப்பான ஓனரா?" இதான் தலைப்பு. ட்ரான்ஸ்பர்னா ஒரு கிளப் இன்னொரு கிளப்ல இருந்து ப்ளேயரை எடுக்கறது, அதுக்குன்னு வருஷத்துல ஒதுக்கின காலம்தான் விண்டோ. ஓனர்தான்னு சொல்ல வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் ப்ளேயருங்க விலையா ஒரு லிஸ்ட் வாசிச்சாரு. போக்பா 89 மில்லியன் பவுண்டு, டி மரியா கிட்டத்தட்ட 60, ஆன்டனி 80க்கும் மேல, இவ்ளோ கொட்டியும் மான்செஸ்டர் யுனைடெட் 2013க்கு அப்புறம் ஒரு தடவை கூட பிரீமியர் லீக் ஜெயிக்கலையே, ஓனர் காசு குடுத்துட்டாரு, வாங்கின ஆளு ஆடலன்னா ஓனர் என்னங்க பண்ணுவாருன்னு கேட்டாரு. நான் யுனைடெட் ரசிகன். அந்த லிஸ்ட்ல ஒரு பேரைக்கூட நான் மறுக்க மாட்டேன், வேணும்னா இன்னும் நாலு பேரு சேத்துக்கூட தரேன். ஆனா அண்ணே, "ஓனர் காசு குடுத்தாரு"ன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் நான் நிக்கறேன். அது யாரு காசு?

2005ல கிளேசர் குடும்பம் யுனைடெட்டை வாங்கினாங்க. கிளப்போட மதிப்பு கிட்டத்தட்ட 790 மில்லியன் பவுண்டு. அதுல பெரும்பகுதி கடன், அந்த கடன்லயும் ஒரு பெரிய பங்கு கிளப்போட சொத்தையே அடமானமா காட்டி வாங்கினது. அதுக்கு முன்னாடி கடனே இல்லாம இருந்த கிளப் அது. ஒருத்தர் பேங்க்ல லோன் போட்டு வீட்டை வாங்கிட்டு, அந்த லோனை அந்த வீட்ல குடியிருக்கறவன் தலையில கட்டினா எப்படி இருக்கும், அதான் நடந்துச்சு. அதுக்கப்புறம் வட்டி, கடன் செலவு, டிவிடெண்டுன்னு வெளிய போன காசு மட்டும் 1000 மில்லியன் பவுண்டைத் தாண்டிருச்சுன்னு அந்த நாட்டு பத்திரிகைங்க கணக்கு போட்டு எழுதிட்டாங்க. டிக்கெட் வாங்கினவன் காசு, ஜெர்சி வாங்கினவன் காசு, டிவில மேட்ச் பாக்கறவன் கட்டற காசு, இதுலதான் போக்பாவும் வந்தாரு ஆன்டனியும் வந்தாரு.

அப்ப பழைய மேனேஜர் ஃபெர்குசன் இதே ஓனர் காலத்துல அஞ்சு லீக் ஜெயிச்சாரே, 2008ல ஐரோப்பாவோட பெரிய கப்பான சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சாரேன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். 2009ல ரொனால்டோவை ரியல் மாட்ரிட்டுக்கு 80 மில்லியனுக்கு வித்தாங்க, அன்னிக்கு அது உலக ரெக்கார்டு. அந்த சம்மர்ல அந்த இடத்துக்கு வந்தவங்க யாரு? விகன்ல இருந்து வலென்சியா, அப்புறம் ஃப்ரீ ட்ரான்ஸ்பர்ல, அதாவது விலையே இல்லாம, மைக்கேல் ஓவன், அவருக்குத்தான் ரொனால்டோ போட்ட 7ஆம் நம்பரைக் குடுத்தாங்க. வலென்சியா நல்ல ஆட்டக்காரர், பல வருஷம் உழைச்சாரு, அவரை குறை சொல்லல. ஆனா உலகத்துலயே விலை கூடின ப்ளேயரை வித்த கிளப் அந்தக் காசுல என்ன பண்ணுச்சு? ஃபெர்குசன்னு ஒரு மனுஷன் இருந்ததால அந்த ஓட்டை வெளிய தெரியல, அவ்ளோதான். அவர் போன அன்னிக்கே எல்லாம் வெளிய வந்துருச்சு.

அவர் போன 2013 சம்மரைக் கொஞ்சம் கிட்டப்போய் பாருங்க, ஏன்னா இந்த தலைப்புக்கே அந்த ஒரு சம்மர் போதும். ஃபெர்குசனோட சேந்து, ட்ரான்ஸ்பர் எல்லாம் பாத்துக்கிட்டிருந்த டேவிட் கில்லும் கிளம்பிட்டாரு. அந்த இடத்துக்கு ஓனர் யாரைப் போட்டாங்க? எட் வுட்வர்ட். அவர் பேங்கர், கிளேசர் குடும்பம் கிளப்பை வாங்கறப்ப அவங்களுக்கு ஆலோசனை சொன்னவர். ட்ரான்ஸ்பர் பேசி பழக்கமே இல்லாதவர். அந்த வருஷம் எவர்டன்ல இருந்த ஃபெலைனிக்கு 23.5 மில்லியனுக்கு ஒரு ரிலீஸ் கிளாஸ் இருந்துச்சு, அதாவது அந்தக் காசைக் குடுத்தா கிளப் ஆளை விட்டே ஆகணும், ஜூலை 31 வரைக்கும்தான் செல்லும். புதுசா வந்த மேனேஜர் மோயஸ் அதுவரைக்கும் எவர்டன் மேனேஜராவே இருந்தவர், அவருக்கு இது தெரியாம இருக்குமா? ஜூலை போச்சு, ஆகஸ்ட் போச்சு, கடைசில விண்டோ மூடற நாளான டெட்லைன் டே அன்னிக்கு ராத்திரி அதே ஃபெலைனியை 27.5 மில்லியன் குடுத்து வாங்கினாங்க. நாலு மில்லியன் பவுண்டு, சும்மா, தேதி தவறினதுக்கு. இதை எந்த கணக்குல எழுதுவீங்க அண்ணே? ட்ரான்ஸ்பர் தப்புன்னா? ஃபெலைனி மேல என்ன தப்பு? அந்த நாற்காலில அந்த ஆளை உக்கார வெச்சது யாரு? எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன ஆகப்போகுது?

போக்பா கதையும் அதேதான். 2012ல கிட்டத்தட்ட சும்மா யுவென்டஸுக்கு விட்டாங்க, 2016ல 89 மில்லியன் குடுத்து திரும்ப கூட்டிட்டு வந்தாங்க, 2022ல ஒப்பந்தம் முடிஞ்சு மறுபடியும் சும்மா போனாரு. ஒரே ப்ளேயர் ரெண்டு தடவை காசில்லாம வாசலைத் தாண்டிப் போறாருன்னா அது ப்ளேயரோட பிரச்சனையா, வாசல்ல யாருமே கணக்கு பாக்கலங்கற பிரச்சனையா? இவ்ளோ பெரிய கிளப்புக்கு ஃபுட்பால் டைரக்டர்னு ஒருத்தரைப் போட்டது 2021லதான். அதுவரைக்கும் மோயஸ் ஒரு மாதிரி டீம் கேட்டாரு, வான் கால் வேற மாதிரி, மொரீன்யோ வேற மாதிரி, ஒவ்வொருத்தர் கிளம்பறப்பயும் அவர் வாங்கினவங்க அடுத்தவருக்கு வேண்டாத ஆளா நின்னாங்க.

சரி, 2024ல ராட்க்ளிஃப்னு ஒரு பிரிட்டிஷ் கோடீஸ்வரர் வந்து கால் பங்குக்கு மேல வாங்கி ஃபுட்பால் பொறுப்பை எடுத்துக்கிட்டாரே, இனிமே மாறும்னுதான் எங்க ஆளுங்க எல்லாரும் நெனச்சோம். அந்த ஜூலைல மேனேஜர் டென் ஹாகுக்கு ஒப்பந்தத்தை நீட்டினாங்க. அவர்கிட்ட முன்னாடி அயாக்ஸ் கிளப்ல ஆடின டி லிக்ட், மஸ்ராவி ரெண்டு பேரையும் வாங்கிக் குடுத்தாங்க. அக்டோபர் கடைசில அவரைத் தூக்கிட்டாங்க. அடுத்து வந்த மேனேஜர் அமோரிம் ஆடினது 3-4-3, அதாவது பின்னால மூணே டிஃபெண்டர், ஓரத்துல மேலயும் கீழயும் ஓடற விங்-பேக் இல்லாம அந்த ஆட்டமே நடக்காது, கைல இருந்த டீமோ நாலு டிஃபெண்டரை வெச்சு ஆடறதுக்கு சேத்த டீம். அந்த சீசன் 15ஆம் இடம். அதே சீசன் நடுவுல, மீதி இருந்த டிக்கெட்டுக்கெல்லாம் 66 பவுண்டுன்னு ஒரே விலை வெச்சாங்க, சின்னப் பசங்களுக்கும் வயசானவங்களுக்கும் இருந்த சலுகையைக் கூட எடுத்துட்டாங்க. ஜூலைல மேலே எடுத்த முடிவு தப்பு, அதுக்கு விலை குடுத்தது தாத்தா கையைப் பிடிச்சுக்கிட்டு மேட்சுக்கு வர பையன். எனக்கு இதை நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

செல்சி பத்தி ரெண்டு வரி. புது ஓனர் வந்த முதல் சீசன்ல அவ்ளோ செலவு பண்ணி 12ஆம் இடம் வந்தாங்க, இதுதான் ட்ரான்ஸ்பர் தப்புக்கு சாட்சின்னு எதிரணில சொன்னாங்க. 2022 சம்மர்ல செல்சிக்கு இடைக்கால ஸ்போர்ட்டிங் டைரக்டரா உக்காந்து ஆளுங்களை வாங்கினது யாருன்னு சொல்லாம விட்டுட்டாங்க. டாட் போலிதான், அந்த ஓனரேதான். சாட்சி எங்க பக்கம் நடுவர் அவர்களே.

இப்ப அவங்க கைல இருக்கற பெரிய ஆயுதத்துக்கு வரேன். பார்சிலோனா. "அங்க ஓனரே கிடையாது, மெம்பருங்கதான் ஓனர், அப்புறம் எப்படி அந்த கிளப் நாசமாச்சு, ட்ரான்ஸ்பர்னாலதானே"ன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி, ரொம்ப நேரம் யோசிக்க வெச்ச கேள்வி. நெய்மார் போனப்ப வந்த 222 மில்லியன் யூரோவை வெச்சுக்கிட்டு டெம்பெலே, கூட்டீன்யோன்னு ஓடினாங்க, 2019ல க்ரீஸ்மன்னுக்கு 120 மில்லியன். கூட்டீன்யோவை ஜெர்மனியோட பயர்ன் கிளப்புக்கு லோன்ல அனுப்பினாங்க, 2020 ஆகஸ்ட்ல பயர்ன் பார்சிலோனாவை 8-2ன்னு அடிச்சப்ப கடைசி ரெண்டு கோலை அடிச்சது அந்த கூட்டீன்யோ. தப்பான ட்ரான்ஸ்பருக்கு இதை விட பெரிய அவமானம் இல்ல, ஒத்துக்கறேன்.

ஆனா அடுத்து என்ன நடந்துச்சு? மெம்பருங்க 20,000 பேருக்கு மேல நம்பிக்கையில்லா தீர்மானத்துக்கு கையெழுத்து போட்டாங்க. அக்டோபர் 27, பிரசிடெண்ட் பார்த்தோமியூ போர்டோட சேத்து ராஜினாமா. 8-2 முடிஞ்சு மூணு மாசம் கூட ஆகல. அடுத்த மார்ச்ல தேர்தல், லபோர்த்தா வந்தாரு. கடன் போகல, அந்த ஆகஸ்ட்ல மெஸ்ஸியையும் இழந்தாங்க, அந்த வலி பெருசுதான், ஆனா யாரு கெடுத்தாங்களோ அவங்க நாற்காலில இல்ல. இப்ப யுனைடெட் பக்கம் வாங்க. 2010ல ரசிகருங்க கிளப்போட பழைய கலரான பச்சை-மஞ்சள் ஸ்கார்ஃப் போட்டு போராடினாங்க. 2005லயே ஒரு கூட்டம் மனசு வெறுத்துப்போய் எஃப்சி யுனைடெட்னு தனி கிளப்பே ஆரம்பிச்சாங்க. 2021ல, பெரிய கிளப்புங்க பிரிஞ்சுபோய் தனி லீக் ஆரம்பிக்கப் பாத்த சூப்பர் லீக் கூத்து முடிஞ்ச கையோட மே 2ஆம் தேதி மைதானத்துக்குள்ளயே இறங்கினாங்க, லிவர்பூல் மேட்சே அன்னிக்கு நடக்கல. அத்தனைக்கும் அப்புறமும் கிளப்புல அதிக ஓட்டுரிமை யார் கைல? அதே குடும்பம். தப்பான ப்ளேயரை அடுத்த விண்டோல வித்துடலாம், ஆன்டனி கூட ஸ்பெயின்ல பெட்டிஸ் கிளப்புக்குப் போயிட்டாரு, அங்க நல்லா ஆடறாரு. ஓனரை விக்கறதுக்கு எந்த விண்டோ இருக்கு? அவனா மனசு வெச்சு வித்தாத்தான் உண்டு.

ஓனர் சரியா இருந்தா தப்பான ட்ரான்ஸ்பர் ஒண்ணும் பண்ணிடாதுங்கறதுக்கு நான் லிவர்பூலைச் சொல்றேன், எங்க ஆளுங்க யாரும் கோச்சுக்காதீங்க, உண்மை உண்மைதான். 2010ல அப்ப ஓனரா இருந்த ஹிக்ஸும் ஜில்லெட்டும் கடன்ல கிளப்பை மூழ்கடிச்சு விஷயம் கோர்ட் வரைக்கும் போச்சு, அப்ப 300 மில்லியனுக்கு எஃப்எஸ்ஜிங்கற அமெரிக்க கம்பெனி வந்தாங்க. வந்த முதல் ஜனவரிலயே ஆண்டி கேரலுக்கு 35 மில்லியன் குடுத்தாங்க, சரியா வரல, பெரிய நஷ்டத்துல வித்தாங்க. கிளப் அழிஞ்சுதா? இல்லையே. ஆளு தேடறதுக்கு ஒரு முறையை உண்டாக்கினாங்க, அந்த வேலையை மைக்கேல் எட்வர்ட்ஸ் மாதிரி ஆளுங்களை நம்பி விட்டாங்க. 8.5 மில்லியனுக்கு வாங்கின கூட்டீன்யோவை, ஆமா அதே கூட்டீன்யோ, 2018 ஜனவரில பார்சிலோனாவுக்கு 142 மில்லியன் வரைக்கும் போற டீல்ல வித்தாங்க. அதே மாசம் வான் டைக் 75 மில்லியன், அந்த சம்மர்ல அலிசன். 2019 சாம்பியன்ஸ் லீக், 2020ல 30 வருஷம் கழிச்சு லீக். ஒரே ப்ளேயர், ஒரே விலை, ஒரே பேப்பர்ல ரெண்டு கையெழுத்து, ஒரு கிளப் ஏறுது, ஒரு கிளப் இறங்குது. அப்ப வித்தியாசம் ப்ளேயர் கிட்டயா இருக்கு?

அந்த லிவர்பூல் ஓனரும் தப்பு பண்ணாதவங்க இல்ல. 2016ல 77 பவுண்டு டிக்கெட்னு அறிவிச்சாங்க, சண்டர்லண்ட் மேட்ச்ல 2-0 முன்னால இருக்கறப்ப சரியா 77ஆவது நிமிஷம் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளிய போனாங்க, மேட்ச் 2-2ன்னு முடிஞ்சுது. சில நாள்லயே ஓனர் அந்த விலையை வாபஸ் வாங்கிட்டாங்க. காது கேக்குற ஓனர்னா இதான் அர்த்தம்.

கடைசியா பரி (Bury), இங்கிலாந்துல ஒரு சின்ன கிளப். எதிரணி இதுவரைக்கும் தொடாத பேரு, தொடவும் முடியாது. 1885ல ஆரம்பிச்ச கிளப், ரெண்டு தடவை எஃப்ஏ கப் ஜெயிச்சவங்க, 1903 ஃபைனல்ல டெர்பி கவுண்டி கிளப்பை 6-0ன்னு அடிச்சவங்க. 2018 டிசம்பர்ல ஸ்டீவ் டேல்னு ஒருத்தருக்கு அந்த கிளப் கைமாறின விலை 1 பவுண்டு. முன்னால இருந்த ஓனர் ஏத்தின கடன் ஒரு பக்கம், ப்ளேயருங்களுக்கு சம்பளம் ஒழுங்கா வரல. அந்த நிலைமைலயும் அந்த சீசன் அந்தப் பசங்க ரெண்டாம் இடம் வந்து மேல் டிவிஷனுக்கு ப்ரமோஷன் வாங்கிக் குடுத்தாங்க. இதுல எந்த ட்ரான்ஸ்பர் தப்பு? எந்த ப்ளேயர் ஆடல? 2019 ஆகஸ்ட் 27, அன்னிக்கு பகல்ல ரசிகருங்க நூத்துக்கணக்குல கிக் லேன் மைதானத்துக்கு வந்து, கைல துடைப்பமும் வாளியுமா சீட்டெல்லாம் துடைச்சு சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தாங்க, எப்படியாவது அடுத்த மேட்ச் நடந்துடும்ங்கற நம்பிக்கைல. அன்னிக்கு ராத்திரி கிளப்பை லீக்ல இருந்து நீக்கிட்டதா அறிவிப்பு வந்துச்சு. மைதானத்துல ஜெயிச்ச டீமை அலுவலகத்துல தோக்கடிச்சாங்க நடுவர் அவர்களே, அதைப் பண்ணினது எந்த ஸ்ட்ரைக்கரும் இல்ல.

பரி போனதும் சூப்பர் லீக் வந்ததும் சேந்துதான் பிரிட்டன் அரசாங்கத்தையே அசைச்சுது. ரசிகருங்ககிட்ட விசாரணை நடத்தி, பல வருஷம் இழுத்து, 2025 ஜூலைல சட்டமே போட்டுட்டாங்க. மேல இருக்கற அஞ்சு டிவிஷனுக்கும் தனியா ஒரு கண்காணிப்பு அமைப்பு. ஓனரா வரவன் தகுதியானவனா, காசு எங்கிருந்து வருதுன்னு அது சோதிக்கும். இஷ்டத்துக்கு தனி லீக் ஆரம்பிச்சு ஓட முடியாது. இந்த ஸ்ட்ரைக்கரை வாங்காதே, அந்த விங்கருக்கு இவ்ளோ குடுக்காதேன்னு அந்த சட்டத்துல ஒரு வரி கூட இல்ல, ஏன்னா எது கிளப்பைக் கொல்லுதுன்னு பார்லிமென்ட்டுக்கே தெரிஞ்சுபோச்சு. எதிரணி இதுக்கு பதில் சொல்லட்டும், அதைக் கேட்டுட்டு நீங்க தீர்ப்பு சொல்லுங்க. வணக்கம்.