பாஸ்பேட் அமரும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

உயிரணுவுக்குள் புரதங்கள் செய்தி பரிமாறும் முறைகளுள் தலையாயது பாஸ்பேட் ஏற்றம். கைனேஸ் என்னும் நொதி, புரதத்திலுள்ள செரின், திரியோனின் அல்லது டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பட்டேஸ் அதை இறக்குகிறது. தசையின் கிளைகோஜன் சிதைவில் இதைக் கண்டறிந்த எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், உயிரணுவிலிருந்து பிரித்தெடுக்கும் புரதம் பெரும்பாலும் கலவையாகவே வரும். சில மூலக்கூறுகளில் பாஸ்பேட் இருக்கும், சிலவற்றில் இராது, வேறு சிலவற்றில் இரண்டு மூன்று இடங்களில் இருக்கும். எந்தப் பாஸ்பேட் எந்தச் செய்தியைச் சொல்கிறது என்று அறிய, அந்தப் புரதத்தின் பத்துப் பன்னிரண்டு அமினோ அமிலங்கள் கொண்ட துண்டை, அதாவது பெப்டைடை, குறித்த ஓரிடத்தில் மட்டும் பாஸ்பேட்டுடன் நாமே கட்டியெடுக்க வேண்டியிருக்கிறது. இதுவே என் அன்றாட வேலை.

புரூஸ் மெரிஃபீல்டு 1963இல் வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை. பிளாஸ்டிக் சிரிஞ்சுக்குள் மணல் போன்ற பிசின் மணிகள். அவற்றின் மீது அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கிறோம். சில மணிகளை எடுத்து நின்ஹைட்ரினுடன் சூடாக்கினால், இணைப்பு முழுமையடையாதபோது அவை கருநீலமாகும். நிறம் மாறாவிட்டால்தான் அடுத்த படி.

பாஸ்பேட் ஏறிய செரினான பாஸ்போசெரின் இங்கே மிகுந்த கவனம் கேட்கும். ஒவ்வொரு சுற்றிலும், அமினோ அமிலத்தின் முனையைத் தற்காலிகமாக மூடியிருக்கும் பாதுகாப்புக் குழுவை நீக்கப் பயன்படும் பைப்பரிடின் என்னும் காரம், பாஸ்பேட்டையே பிடுங்கிவிடக்கூடும். பாஸ்பேட்டில் ஒரே ஒரு பென்சைல் குழுவை மட்டும் விட்டுவைத்தால், அதிலுள்ள எதிர்மின்னூட்டம் அந்த இழப்பைப் பெரிதும் தடுக்கிறது. ஒருமுறை நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி அந்தப் படியைச் சூடாக்கிச் செய்தேன். நிறைமானியில், எதிர்பார்த்த நிறையைவிட 98 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) குறைவாக ஒரு முகடும், 13 டால்டன் குறைவாக இன்னொன்றும் தெரிந்தன. 98 மட்டுமென்றால் பாஸ்பாரிக் அமிலம் கருவிக்குள் கழன்றதாகவும் கருதலாம். அந்த 13, பாஸ்பேட் போன இடத்தில் பைப்பரிடின் வந்து ஒட்டியிருந்ததைக் காட்டிக்கொடுத்தது. ஒரு வார உழைப்பு வீணாயிற்று.

இவ்வளவு பாடுபட்டு என்ன அறிகிறோம்? சார்க் என்னும் கைனேஸை எடுத்துக்கொள்வோம். அதன் வாலிலுள்ள ஒரு டைரோசினில் பாஸ்பேட் ஏறும்போது, பாஸ்பேட் ஏறிய டைரோசினைப் பற்றிக்கொள்ளும் சார்க்கின் எஸ்எச்2 பகுதியே அந்த வாலைப் பிடித்துக்கொள்ள, நொதி அடங்கிக் கிடக்கிறது. பாஸ்போடைரோசினை அடுத்து இரண்டு குளூட்டமிக் அமிலமும் ஓர் ஐசோலூசினும் வரும் பெப்டைடுகளையே எஸ்எச்2 அதிகம் விரும்புகிறது என்பதை 1993இல் செயற்கைப் பெப்டைடுத் தொகுப்புகளே காட்டின. பாஸ்பேட் ஆழமான ஒரு குழிக்குள்ளும் ஐசோலூசின் வேறொரு குழிக்குள்ளும், இருமுனைப் பிளக் போலப் பொருந்துகின்றன. இத்தகைய பெப்டைடைச் சேர்த்தால், வாலின் தளர்ந்த பிடி விலகி, நொதி விழித்துக்கொள்கிறது. பாஸ்பேட் இல்லாத அதே பெப்டைடால் அது இயல்வதில்லை. கோழிகளில் புற்றுநோய் உண்டாக்கும் ரவுஸ் வைரஸின் சார்க்கில் அந்த வால் டைரோசினே கிடையாது. அங்கே பாஸ்பேட் பூட்டுப் போட இடமே இல்லை.