நாலு நிமிஷத் தலை மசாஜ்: முடி கொட்டுகிறவர்களுக்குக் கோத்தகிரியிலிருந்து

வணக்கம் மக்களே. கோத்தகிரியில் எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து பேசுகிறேன். காலை ஏழரை மணி. ஜன்னலுக்கு வெளியே தேயிலைத் தோட்டம் இருக்கிறது, ஆனால் மேகம் இறங்கிவிட்டதால் இன்றைக்கு உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

முதலில் இந்தப் பாட்டிலைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய். கவிழ்க்கிறேன். ஒரு சொட்டு விழவில்லை, பார்த்தீர்களா? 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். கீழே மேட்டுப்பாளையத்தில் மூடியைத் திறந்து அப்படியே உள்ளங்கையில் ஊற்றிக்கொள்வார்கள். இங்கே ஸ்பூன் காம்பால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி போதும். இதைக் கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துவிடுகிறேன். நேராக அடுப்பில் வைக்காதீர்கள், சூடு தெரியாமல் தலையில் வைத்துத் தோலைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. இது உருகுவதற்குள் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மே மாதம் எனக்கு டைஃபாய்டு. பத்து நாள் படுக்கை. காய்ச்சல் போனது, வேலைக்குப் போனேன், எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆகஸ்ட் வந்தது, முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் நாலைந்து வருவதைச் சொல்லவில்லை. குளித்து முடித்தால் சாக்கடை ஜல்லடையில் ஒரு உருண்டை. தலையணையில், ஸ்வெட்டர் தோளில், பிசைந்து வைத்த மாவில் கூட. கட்டைவிரல் மொத்தம் இருந்த சடை சுண்டுவிரல் மொத்தத்துக்கு வந்தது. கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. இது வெறும் அழகுப் பிரச்சினை, இதற்கெல்லாமா அழுவாய் என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அனுபவிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். நான் அழுதேன்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மலைத்தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ஒருவர். எந்நேரமும் குல்லா போடுவதால்தான் என்றார் இன்னொருவர். குல்லா போட்டால் முடி கொட்டாது மக்களே. வேருக்குக் காற்று வெளியிலிருந்து போவதில்லை, ரத்தத்தில்தான் போகிறது. துவைக்காத குல்லாவை ஈரத்தலையில் மாட்டிக்கொண்டால் பொடுகும் அரிப்பும் வரும், அது வேறு விஷயம்.

அப்புறம் ஒரு கடையில் மூலிகை எண்ணெய் வாங்கினேன். 1,800 ரூபாய். 21 நாளில் கொட்டுவது நிற்கும், மூன்று மாதத்தில் புது முடி என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். இரண்டு மாதம் தினமும் அரைமணி நேரம் பரபரவென்று தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் கொட்டியது. அந்த விற்பனையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. பயந்துபோய் நிற்கிற ஒருத்தியிடம் அப்படிப் பேசக் கூடாது.

கடைசியில் கோயம்புத்தூர் இறங்கித் தோல் டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி: "கொட்ட ஆரம்பிப்பதற்கு இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் உடம்புக்கு ஏதாவது வந்ததா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு வருஷம் வரை வளரும், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, மூன்று மாதம் போல ஓய்வில் இருந்துவிட்டு உதிரும். அதே வேரிலிருந்து புதிது முளைக்கும். அதனால் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். பெரிய காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், திடீரென்று உடம்பைக் குறைப்பது, இவற்றில் ஒன்று வந்தால் வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து உதிரும். மே மாதக் காய்ச்சல் ஆகஸ்டில் கணக்குத் தீர்த்தது. குழந்தை பிறந்து மூன்று நாலு மாதத்தில் கொத்துக்கொத்தாகப் போகிறது என்று எழுதுகிற தங்கைகளே, உங்களுக்கும் பெரும்பாலும் இதுதான். வேர் சாகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கும்.

ஆனால் எனக்கு ரத்தப் பரிசோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. உடம்பில் இரும்புச்சத்துச் சேமிப்பு அடிமட்டத்தில் இருந்தது. ஃபெரிட்டின் என்று அந்தப் பரிசோதனைக்குப் பெயர். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், இதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கூடவே தைராய்டும்.

இதில் நம் மலைக்காரர்களுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நிறுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். நாம் எப்போது டீ குடிக்கிறோம்? சாப்பிட்ட கையோடு. குளிருக்குச் சுடச்சுட ஒரு டம்ளர், அதுவும் நன்றாகக் கொதித்த சாயம். டீயில் இருக்கிற டானின், கீரையிலும் ராகியிலும் பயறிலும் இருந்து வருகிற இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏற விடாது. நானும் அப்படித்தான், இரும்பு மாத்திரையையே டீயோடு முழுங்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடு, மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடு என்றார். அவ்வளவுதான். தேயிலையிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் ஊரில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதனால் நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

எண்ணெய் உருகிவிட்டது. ஒரு நிமிஷம்... மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன். இளஞ்சூடு. சரி.

இப்போது மசாஜுக்கு வருவோம். இதனால் முடி வளருமா என்று நான் டாக்டரிடம் கேட்டேன், பிறகு நானாகவும் தேடிப் படித்தேன். இருக்கிறதை உள்ளபடி சொல்கிறேன். ஜப்பானில் 2016-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஒன்பது ஆண்கள், முடி உதிர்வு நோய் இல்லாதவர்கள். தினமும் நாலு நிமிஷம், 24 வாரம், தலைத்தோலைக் கருவியால் மசாஜ் செய்தார்கள். முடியின் சராசரித் தடிமன் 0.085 மில்லிமீட்டரிலிருந்து 0.092 ஆனது. எண்ணிக்கை கூடவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்: இருக்கிற முடி கொஞ்சம் தடித்தது, புதிதாக முளைத்துவிடவில்லை. தோலை அசைக்கும்போது அடியில் வேர்ப்பகுதியில் இருக்கிற செல்கள் இழுபடுகின்றன, அந்த இழுப்புத்தான் வேலை செய்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். ஒன்பது பேர் என்பது மிகச் சிறிய ஆய்வு, அதையும் மறக்கக் கூடாது. 2019-இல் வந்த இன்னொன்றில் 300-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டார்கள், ஏறக்குறைய 69 சதவீதம் பேர் கொட்டுவது நின்றது அல்லது வளர்ந்தது என்றார்கள். அது அவரவர் வாயால் சொன்னது, அளந்து பார்த்தது இல்லை. நம்பிக்கையோடு தினமும் செய்கிறவர்கள் பலன் இருக்கிறது என்று சொல்வது இயல்புதானே.

ரோஸ்மேரி எண்ணெயைப் பற்றி நிறைய பேர் கேட்டீர்கள். நம் நீலகிரியிலேயே விளைகிறது, அதனால் கேட்கிறீர்கள் என்று தெரியும். 1998-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் புழுவெட்டு வந்தவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். வட்ட வட்டமாக முடி போகுமே, அது. ஒரு பகுதியினருக்கு ரோஸ்மேரி, தைம், லாவெண்டர், சிடார் எண்ணெய்களைச் சாதாரண எண்ணெயில் கலந்து கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வெறும் எண்ணெய். ஏழு மாதத்தில் முதல் பகுதியில் 44 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், இரண்டாவதில் 15 சதவீதம். கவனியுங்கள், இரண்டு பகுதியினரும் தினமும் மசாஜ் செய்தவர்கள்தான். அப்படியென்றால் புழுவெட்டுக்கு மசாஜ் மட்டும் பெரிதாக உதவவில்லை. அந்த எண்ணெய்களையும் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் கலக்காதீர்கள். இங்கே கடைக்குக் கடை விற்கிற யூகலிப்டஸ் தைலத்தை நேராகத் தலையில் தேய்க்கவே தேய்க்காதீர்கள். எரியும், தோல் சிவந்து உரியும்.

வாருங்கள், செய்து காட்டுகிறேன். கேமராவைக் கொஞ்சம் பக்கத்தில் வைக்கிறேன். நகம் பாருங்கள், ஒட்ட வெட்டியிருக்கிறேன். சடையை அவிழ்த்து, முதலில் சிக்கு எடுத்துவிட்டேன். சிக்கோடு மசாஜ் செய்தால் பிடுங்கிக்கொண்டு வரும்.

இப்போது விரல் நுனி. நகம் இல்லை, உள்ளங்கையும் இல்லை, விரலின் சதைப்பகுதி. காதுக்கு மேலே பத்து விரலையும் பதிக்கிறேன். பதித்த இடத்தை விட்டு விரல் நகரவே கூடாது. விரலோடு சேர்ந்து தோல் நகர வேண்டும், எலும்பின் மேல். இதோ, என் புருவம் லேசாக ஏறி இறங்குவது தெரிகிறதா? அப்படித் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். நான் அந்த இரண்டு மாதம் செய்த தப்பு இங்கேதான் இருந்தது. முடியின் மேல் விரலை ஓட்டித் தேய்த்தேன். அப்படித் தேய்த்தால் முடிதான் உரசி அறுபடும், தோல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சின்ன வட்டம், மெதுவாக, ஐந்தாறு சுற்று. பிறகு விரலைத் தூக்கி, ஒரு அங்குலம் மேலே வைக்கிறேன். இழுத்துக்கொண்டு போகாமல் தூக்கித்தான் வைக்க வேண்டும். நெற்றிப்பொட்டு, உச்சி, பின் உச்சி, பிடரி. உச்சியில் தோல் இறுக்கமாக இருக்கும், அவ்வளவாக அசையாது, அதற்காக அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். பிடரியில் கட்டைவிரலால் இந்தக் குழியில் கொஞ்ச நேரம்... ஆ, இங்கேதான் நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்த்த பாரம் எல்லாம் தங்கியிருக்கிறது.

சுவர்க் கடிகாரத்தில் நாலு நிமிஷம் ஆகிவிட்டது. வலிக்கக் கூடாது. முடிந்த பிறகு தோல் லேசாகக் கதகதப்பாக இருக்கும், அது போதும்.

எண்ணெய் தினமும் வேண்டியதில்லை. நான் வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெயோடு, மற்ற நாள் வெறும் விரலோடு. பொடுகு அதிகம் உள்ளவர்கள் எண்ணெயை ஊறவே வைக்காதீர்கள். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெய்ப்பசையைத் தின்றுதான் பெருகுகிறது, முதலில் பொடுகுக்கு மருந்து ஷாம்பு போட்டுச் சரிசெய்யுங்கள். குளிக்கிற தண்ணீரும் அப்படித்தான். நம் ஊர்க் குளிரில் ஆவி பறக்கப் பறக்கத் தலைக்கு ஊற்றிக்கொள்கிறோம். உடம்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சூடு வைத்துக்கொள்ளுங்கள், தலைக்கு வெதுவெதுப்பு போதும். ஜூன் ஜூலையில் நாள் முழுக்கத் தலை காயாது, ஈரத்தோடு கொண்டை போடாதீர்கள். அம்மா கங்குத்தட்டில் சாம்பிராணி போட்டுக் கூடையைக் கவிழ்த்துக் காயவைப்பார், எனக்கு இன்றைக்கும் அதுதான் பிடிக்கும்.

என் முடி திரும்பி வந்ததா? வந்தது. முன்நெற்றி ஓரத்தில் இந்தக் குட்டி முடிகள் எல்லாம் அதற்குப் பிறகு முளைத்தவை. மசாஜால் வந்தது என்று சொன்னால் இந்த வீடியோவை இன்னும் நிறைய பேர் பார்ப்பார்கள், ஆனால் அது உண்மையாக இருக்காது. காலம் ஆனதாலும் இரும்பு ஏறியதாலும்தான் வந்தது என்று நினைக்கிறேன். மசாஜை நான் விடவில்லை, ஏனென்றால் தலைவலி குறைந்தது, ராத்திரி தூக்கம் வந்தது, வந்த முடி கொஞ்சம் தடிமனாக வருகிற வாய்ப்பும் இருக்கிறது. செலவு ஒன்றுமில்லை.

என் தம்பி கதை வேறு. அவனுக்கு 27 வயதில் இரண்டு பக்க நெற்றியும் ஏற ஆரம்பித்தது. அப்பாவுக்கும் அப்படித்தான். அது டிஹெச்டி என்கிற ஹார்மோனால் வேர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிற பரம்பரைச் சொட்டை. அதை மசாஜால் நிறுத்த முடியாது. அவன் டாக்டர் சொல்லி மினாக்ஸிடில் என்கிற மருந்தைப் போடுகிறான். சுருங்கிய வேரைப் பிடித்து நிறுத்தலாம், முற்றிலும் மறைந்த பிறகு மருந்துக்கும் வேலை இல்லை, அதனால் ஆரம்பத்திலேயே போக வேண்டும். ஒரு வருஷம் எண்ணெயிலேயே நாளைக் கடத்தினான் என்பதுதான் எனக்கு வருத்தம்.

வட்டமாகப் போனாலோ, தோல் சிவந்து வலித்தாலோ, சீழ் வைத்தாலோ, தழும்பு மாதிரி வழவழப்பாக ஆனாலோ, பெண்களுக்கு முடி கொட்டுவதோடு மாதவிலக்கும் தவறினாலோ, கையை வைக்காமல் நேராகத் தோல் டாக்டரிடம் போங்கள். கொட்டுவது ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றாலும்தான்.

செய்து பார்க்கிறவர்கள் இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். நடு வகிடு எடுத்து, அதே ஜன்னல், அதே நேரம், தலை உலர்ந்திருக்கும்போது. அடுத்த போட்டோ ஆறு மாதம் கழித்து. நடுவில் தினமும் சீப்பை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், நான் எண்ணினேன், பயம்தான் கூடியது.

கிண்ணத்தில் இன்னும் அரைக் கரண்டி எண்ணெய் இருக்கிறது. அம்மா வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். திரும்ப உறைவதற்குள் போய் அவர் தலைக்கு வைத்துவிடுகிறேன். வருகிறேன் மக்களே.