பூட்டிய அலமாரியும் பெரிய கேள்விகளும்

(கலை, சமூக அறிவியல் மாணவர் மன்றத் தொடக்க விழாவில் பேசியது. பேசும்போது விட்டுப்போன ஓரிரண்டு விஷயங்களைச் சேர்த்திருக்கிறேன். கைதட்டல்களை எடுத்துவிட்டேன், எடுக்க அதிகம் இல்லை.)

விழாத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட முன்னாள் துணைவேந்தர் ஐயா அவர்களே, வரலாறு, பொருளியல், மெய்யியல், மொழியியல், சமூகவியல் துறைத் தலைவர்களே (யாரையும் விட்டுவிடக்கூடாது என்று எழுதிக்கொண்டு வந்தேன், அரசியல் அறிவியல் விட்டுப்போயிற்று, மன்னிக்கணும்), முதல் வரிசையில் இருக்கும் நூலகர் அம்மா அவர்களே, கடைசி வரிசையில் குனிந்து கைப்பேசி பார்க்கும் என் அன்புக்குரிய மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம். நூலகர் அம்மாவுக்கு மட்டும் இன்னொரு வணக்கம். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

துணைவேந்தர் ஐயா ஒன்று சொன்னார்: பட்டம் வாங்கியபிறகு பதில்கள் மறந்துபோகும், கேள்விகள் கூடவே வரும் என்று. அவருடைய முப்பது வருட அனுபவத்தின் முன்னால் நான் பேசுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கு நான்கு கேள்விகளைப் பற்றிப் பேசப்போகிறேன். முன்பு ஒன்று நடந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? மனிதர்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள்? எல்லோருக்கும் பொதுவான ஒன்றை எல்லோரும் சேர்ந்து காப்பாற்ற முடியுமா? நல்ல வாழ்க்கை என்பது எது? நான்காவதற்கு நேரம் இருக்குமோ என்னவோ, அது 2,500 வருடமாகக் காத்திருக்கிற கேள்வி, அடுத்த கூட்டம்வரை காத்திருக்கும்.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பழமொழிதான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். இதை வைத்தே முதல் கேள்விக்குப் போகிறேன், ஒரு கதையாக.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக ஒரு பத்திரம் இருந்தது. நான்காம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் போப் சில்வெஸ்டருக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட தானப் பத்திரம். அதற்குள்ளேயே ஒரு கதை உண்டு. பேரரசருக்குத் தொழுநோய். பூசாரிகள் வந்து, குழந்தைகளின் ரத்தத்தில் குளித்தால் சரியாகும் என்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டிவந்தும் ஆயிற்று, தாய்மார்கள் கதறுகிறார்கள், பேரரசர் மனம் இளகி எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார். அன்று ராத்திரி கனவில் பேதுருவும் பவுலும் வந்து, சில்வெஸ்டரைப் போய்ப் பார் என்கிறார்கள். ஞானஸ்நானம், நோய் போயிற்று. அந்த நன்றிக்கு என்ன கொடுத்தார்? ரோம் நகரத்தை, இத்தாலியை, மேற்குப் பகுதி முழுவதையும். வைத்தியருக்கு இவ்வளவு ஃபீஸ் கொடுத்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இதைக் காட்டித்தான் போப்புகள் ராஜாக்களிடம் உரிமை பேசினார்கள். சந்தேகப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் 1440ல் லொரென்சோ வல்லா என்பவர் உட்கார்ந்து அதை வரிவரியாகப் படித்தார். இலக்கணக்காரர், லத்தீனில் ஒரு பிழை கண்டால் தூக்கம் வராத ஜாதி. படித்துக்கொண்டே வந்தவர் ஒரு சொல்லில் நின்றார்: 'சத்ரப்'. அது பாரசீக ராஜ்யத்தில் மாகாண ஆளுநருக்குப் பெயர். ரோமப் பேரரசர் தன் சபையில் இருந்தவர்களைச் சொல்லும் இடத்தில் சத்ரப் எங்கிருந்து வந்தார்? இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால், பத்திரம் எழுதியதாகச் சொல்லும் காலத்தில் இன்னும் உருவாகாத கான்ஸ்டான்டினோபிள் நகரம், பெரிய திருச்சபைத் தலைமையிடமாக அதில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள், 1920ல் தாத்தா எழுதிய உயில் என்று ஒருவர் கொண்டுவந்து காட்டுகிறார், உள்ளே 'வாட்ஸ்அப்பில் தெரிவித்தபடி' என்று இருக்கிறது. அந்த மாதிரி. பத்திரம் பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டில் யாரோ தயாரித்தது என்று இன்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

இங்கே கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், தீர விசாரிப்பது என்றால் வல்லாவையும் விசாரிக்கணும். அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? அல்ஃபோன்ஸோ மன்னர். அந்த மன்னருக்கும் போப்புக்கும் தெற்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் ராஜ்யத்துக்காகச் சண்டை. ஆக, கண்டுபிடிப்பு முதலாளிக்கு வசதியாக இருந்தது! அதனால் அது பொய்யா? இல்லை, சத்ரப் சத்ரப்தான். ஒருவருடைய நோக்கம் வேறு, அவர் காட்டும் ஆதாரம் வேறு, இரண்டையும் தனித்தனியாக எடை போடணும். வரலாற்று வகுப்பில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள்.

கதையின் கடைசிப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சில வருடம் கழித்து வந்த ஐந்தாம் நிக்கோலஸ் என்ற போப், இதே வல்லாவைத் தன் அலுவலகத்தில் வேலைக்கு எடுத்துக்கொண்டார், கிரேக்க நூல்களை லத்தீனில் மொழிபெயர்க்கச் சொன்னார். யார் இந்த நிக்கோலஸ்? வத்திக்கான் நூலகத்துக்கு அடித்தளம் போட்டவர். புத்தகங்களைச் சேர்க்கத் தெரிந்தவருக்கு, புத்தகத்தை எதிர்த்து வாசிக்கத் தெரிந்தவனையும் சேர்த்துக்கொள்ளத் தெரிந்திருக்கிறது. நூலகர் அம்மா சிரிக்கிறார்கள், நான் எங்கே போகிறேன் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

சரி, இரண்டாவது கேள்வி. 1961ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் செய்த சோதனை உளவியல் மாணவர்களுக்குத் தெரியும். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் மின் அதிர்ச்சி கொடு என்று உத்தரவு, பொத்தான்கள் 15 வோல்ட்டிலிருந்து 450 வரை. அதிர்ச்சி நிஜமில்லை, அலறலும் நடிப்பு, பொத்தானை அழுத்துபவருக்கு மட்டும் அது தெரியாது. மில்கிராம் முதலில் வெளியிட்ட முடிவில், 40 பேரில் 26 பேர் கடைசிப் பொத்தான்வரை போனார்கள். மனிதன் இவ்வளவுதானா என்று உலகமே அதிர்ந்தது. பிற்பாடு சில ஆய்வாளர்கள் அந்தச் சோதனைகளின் ஒலிநாடாக்களையும் குறிப்புகளையும் எடுத்து முதலிலிருந்து கேட்டார்கள், படித்தார்கள். சோதனை நடத்தியவர் சில இடங்களில் எழுதிவைத்த வசனத்தை மீறி வற்புறுத்தியிருக்கிறார், கலந்துகொண்டவர்களில் சிலருக்கு இது நாடகமோ என்ற சந்தேகமும் இருந்திருக்கிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய். அந்த நாடாக்கள் எங்கே இருந்தன தெரியுமா? அதே பல்கலைக்கழகத்தின் நூலகத்தில். யாரோ ஒருவர் தூக்கி எறியாமல் எண் போட்டு வைத்திருந்தார். கீழ்ப்படிதல் பற்றி இன்னும் நிறையச் சொல்லலாம், நேரமில்லை.

மூன்றாவதுக்கு, பொதுவானதைக் காப்பாற்றும் கேள்விக்கு வருகிறேன், என் வயிற்றெரிச்சலும் இங்கேதான்.

நான் படித்த கல்லூரியில், பெயர் வேண்டாம், நூலகத்தில் புத்தக அறைக்குள் மாணவர்களை விடமாட்டார்கள். சீட்டில் புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், எண் எல்லாம் எழுதி ஒரு ஜன்னலில் கொடுக்கணும். உதவியாளர் உள்ளே போவார், பத்து நிமிடம் கழித்து வந்து 'இல்லை' என்பார். இல்லையா, தேடவில்லையா என்று மூன்று வருடமும் எனக்குத் தெரியவில்லை. அது கிடக்கட்டும். என்ன வேண்டும் என்று ஏற்கனவே தெரிந்தவனுக்குத்தான் அந்த ஜன்னல் திறக்கும், எனக்கு அதுதான் தாங்கவில்லை. பெரிய கேள்வி எப்போதாவது பெயரோடும் எண்ணோடும் வருமா? 'மனிதர்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள்' என்று சீட்டில் எழுதிக் கொடுக்க முடியுமா? ஒன்றைத் தேடிப் போய், பக்கத்தில் இருக்கும் இன்னொன்றை உருவி, நின்றபடியே பத்துப் பக்கம் படித்து, வந்த வேலையை மறந்துபோகணும். கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

நூலக அறிவியல் படிக்கிற எல்லோருக்கும் தெரியும், இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார், முதல் விதியே புத்தகங்கள் பயன்படுத்துவதற்காக என்பதுதான். பூட்டி வைப்பதற்காக என்று ஆறாவது விதி எங்கேயாவது இருக்கிறதா? முதல்வர் அவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது, பொதுவாகத்தான் சொல்கிறேன்.

திறந்துவிட்டால் திருட்டுப் போகும் என்பார்கள். இந்த வாதத்துக்கு ஒரு கௌரவமான பெயரே உண்டு. 1968ல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் எழுதினார், பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு ஒரு மாடு கூடுதலாக விட்டால் கடைசியில் நிலம் பாழ் என்று. கேட்கச் சரியாகத்தான் இருக்கும், காதால் கேட்பது எப்போதும் அப்படித்தான். எலினோர் ஆஸ்ட்ரோம் என்ற அம்மையார் தீர விசாரித்தார். நிஜமான மேய்ச்சல் நிலங்கள், நிஜமான வாய்க்கால்கள், மீன்பிடி இடங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்தார். சுவிட்சர்லாந்தில் டோர்பல் என்று ஒரு மலைக்கிராமம், அங்கே 1517லேயே விதி இருந்திருக்கிறது: குளிர்காலத்தில் நீ எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியுமோ, கோடையில் அத்தனை மாடுகளைத்தான் பொது நிலத்துக்கு அனுப்பலாம். விதியை வகுத்தது அந்த ஊர்க்காரர்கள், கண்காணித்ததும் அவர்களே. 2009ல் ஆஸ்ட்ரோமுக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது, அதை வாங்கிய முதல் பெண் அவர்தான். எல்லாப் பொதுச்சொத்தும் பிழைத்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. புழங்குகிறவர்களுக்கு விதி போடுவதில் பங்கு இருந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

அதனால் என் கோரிக்கை: அலமாரிகளைத் திறந்துவிடுங்கள், இரவு பத்து மணிவரை விளக்கு எரியட்டும், விதிகளை மாணவர்களும் உட்கார்ந்து எழுதட்டும். சில புத்தகம் தொலையும். சில புத்தகத்தில் பக்கம் கிழியும், அதைச் செய்பவனை நான் மன்னிக்கமாட்டேன். ஆனாலும் யாரும் தொடாமல் பூச்சி அரித்துப்போன புத்தகத்தைவிட, படித்துக் கிழிந்த புத்தகம் மேல்.

தலைவர் அவர்கள் 'ஐந்து நிமிடம்' என்று சீட்டு அனுப்பியிருக்கிறார், அது வந்து பத்து நிமிடம் ஆகிறது. நல்ல வாழ்க்கை பற்றிய நான்காவது கேள்வி போயிற்று. என் கோரிக்கையை ஆதரிப்பவர்களுக்கான கையெழுத்துத் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. மேடைக்கு வருமுன்பே முதல்வரிடம் இதைப் பற்றிப் பேசினேன், 'பார்க்கலாம்' என்றார். இப்போது மணி நாலு நாற்பது, நூலகம் ஐந்துக்குப் பூட்டுகிறார்கள். நன்றியுரை சொல்பவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, புத்தகம் எடுக்க வேண்டியவர்கள் இப்போதே கிளம்புங்கள். நூலகர் அம்மா எழுந்துவிட்டார்கள், சாவி அவர்களிடம்தான் இருக்கிறது.