தண்ணீர் மீட்டர் பக்கத்தில் இருந்த பாம்பு

நேயர்களுக்கு வணக்கம். நான் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்கு வெளியே 18 வருடமாகக் குடியிருக்கிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால், வாலை ஆட்டிக் கிலுகிலுவென்று சத்தமிடும் விஷப்பாம்பான எங்கள் பாலைவனத்து கிலுகிலுப்பைப் பாம்பு (ராட்டில்ஸ்னேக்) ஒன்றை வீட்டில் வைத்து வளர்க்க ஆசைப்பட்டேன். ஆசையோடு நிற்கவில்லை. பூட்டுப் போட்ட கண்ணாடிப் பெட்டி வாங்கினேன், நீளமான பாம்புக் கொக்கி வாங்கினேன். அந்தப் பெட்டியில் இன்றுவரை பாம்பு எதுவும் இருந்ததில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். நம் பிள்ளைகள் சிலருக்கு இந்த ஆசை வருவதைப் பார்க்கிறேன். அவர்களைத் திட்டி அடக்க எனக்கு மனமில்லை, எனக்கே வந்த ஆசைதானே.

அது மார்ச் மாதக் கடைசி. எங்கள் வீட்டுத் தண்ணீர் மீட்டரை ஒட்டி ஒரு பாலோ வெர்டே மரம் நிற்கிறது. அதன் அடியில் ஒரு காட்டெலிக் கூடு. இந்த ஊர் காட்டெலி சப்பாத்திக்கள்ளித் துண்டையும் சுள்ளியையும் மலைபோலக் குவித்து அதற்குள் வாழும். அந்தக் குவியலின் வாசலில் சுருண்டு கிடந்தது பாம்பு. டைமண்ட்பேக் என்று இங்கே சொல்வார்கள். சாம்பல் நிற உடம்பு, முதுகு நெடுகக் கட்டம் கட்டமாக வைர வடிவம், வாலில் மட்டும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை. நான் பத்தடி தூரத்தில் நின்றேன். அது சத்தமே போடவில்லை. மறுநாளும் அதே இடம், அதே சுருள். மூன்றாம் நாளும் அப்படியே. எலி வரும் பாதையில் தலையை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் காத்திருப்பதுதான் அதன் வேட்டை என்று பிறகு தெரிந்துகொண்டேன். வேலை முடிந்து வந்ததும் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அந்த வாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலர் நினைப்பதுபோல அதற்குள் கல்லோ மணியோ கிடையாது. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆன வெற்று வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று கோத்ததுபோல இருக்கும். வாலைச் சிலுப்பும்போது வளையங்கள் ஒன்றோடொன்று உரசி அந்தச் சத்தம் வருகிறது. நல்ல வெயில் நேரத்தில் வினாடிக்கு 60 தடவைக்கு மேல் கூட அந்த வால் அதிரும். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் கூடும். சட்டை உரிப்பது வருடத்துக்கு ஒரு தடவை என்று கணக்கில்லை, நுனி வளையங்கள் உடைந்தும் போகும். அதனால் வளையத்தை எண்ணி வயது சொல்ல முடியாது. இந்தப் பாம்பினம் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. அமெரிக்க மாநிலங்களில் அரிசோனாவில்தான் வகைகள் அதிகம், 13 வகை. 1775இல் பிரிட்டனை எதிர்த்து எழுந்தவர்கள் தங்கள் மஞ்சள் கொடியில் வரைந்துகொண்டதும் இதைத்தான். நம் நல்லபாம்பு நமக்கு எப்படியோ, அப்படி இந்த மண்ணுக்கு இது.

சரி, ஆசைக்கு வருவோம். எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயங்கள் வலுவானவை என்றே இன்றும் நினைக்கிறேன். வெளிநாட்டுப் பாம்பை வளர்த்து அது கடித்தால், அதற்கான முறிமருந்து ஏதாவது மிருகக்காட்சி சாலையில்தான் இருக்கும். உள்ளூர்ப் பாம்பு என்றால் மருந்து நம் ஊர் பெரிய மருத்துவமனையிலேயே இருக்கிறது. தட்பவெப்பம் அதற்குப் பழகியது. சட்டமும் முழுக்க எதிராக இல்லை. அரிசோனாவில் வேட்டை உரிமம் எடுத்தவர் சில வகைகளை, வரம்புக்கு உட்பட்ட எண்ணிக்கையில், பிடித்து வைத்துக்கொள்ளலாம். மலையில் வாழும் சில அரிய வகைகளைத் தொடவே கூடாது. வேறு மாநிலங்களில் தனி அனுமதி கேட்பார்கள், சில இடங்களில் அறவே தடை. மாநிலம் விட்டாலும் நகரம் விடாது, நகரம் விட்டாலும் வாடகை ஒப்பந்தம் விடாது. இதையெல்லாம் நான் விசாரித்து முடித்திருந்தேன்.

அப்புறம்தான், இருபது வருடத்துக்கு மேலாக விஷப்பாம்பு வளர்க்கும் ஒருவரைப் பார்க்கப் போனேன். பாம்புகளுக்கென்றே ஒரு தனி அறை. கதவடியில் ஒரு நூல் இடைவெளிகூட இல்லை, சுவரில் ஓட்டை இல்லை, பாம்பு ஒளிந்துகொள்ள இடம் தரும் சாமான் எதுவும் இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் பூட்டு. பூட்டின் மேலே பாம்பின் பெயர், அது கடித்தால் யாரைக் கூப்பிட வேண்டும், என்ன மருந்து என்று எழுதிய அட்டை. பெட்டியைச் சுத்தம் செய்யும்போது பாம்பைக் கொக்கியால் ஒரு மூடு டப்பாவுக்குள் நகர்த்துகிறார். நோய் பார்க்க வேண்டுமென்றால் தலையை ஒரு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய்க்குள் போகவிட்டு உடம்பைப் பிடிக்கிறார். வெறும் கையால் தொடுவது என்பதே அங்கே கிடையாது. உறையவைத்த எலியை இளஞ்சூடாக்கி, நீண்ட இடுக்கியில் கொடுக்கிறார். இந்தப் பாம்புக்கு மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு குழி உண்டு. வெப்பத்தை அதால் பார்க்கும். எலி வாசனை வீசும் அறையில், சூடான கை அதற்கு இரைதான். சாப்பாடு போட்டவர் கை என்று அது அறியாது.

அவர் எனக்குப் புத்தி சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “நீங்கள் ஊருக்குப் போகும்போது இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?”

நேயர்களே, நம்மைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கேள்வி என்று உங்களுக்குப் புரியும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஐந்து வாரம் ஊருக்குப் போகிறோம். ஒரு கல்யாணம், ஒரு சாவு என்றால் இரவோடு இரவாக விமானம் ஏற வேண்டியிருக்கிறது. பூனையை அண்டை வீட்டில் விடலாம். இந்தப் பாம்பை யாரிடம் விடுவது? கூண்டில் இது 20 வருடத்துக்கு மேல்கூட வாழும். அன்று என் மகளுக்கு ஒன்பது வயது. அவள் கல்லூரி முடித்து, கல்யாணமாகிப் போன பிறகும் அந்தப் பெட்டி வீட்டில் இருக்கும். வீடு திரும்பி மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அத்தை வந்து ஆறு மாசம் இருப்பாங்களேங்க, ராத்திரியில எழுந்து நடப்பாங்க, அவங்களுக்குக் கண்ணும் சரியாத் தெரியாதே” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் வருடத்துக்கு 7,000 முதல் 8,000 பேரை விஷப்பாம்பு கடிக்கிறது, இறப்பவர்கள் ஐந்து பேர் அளவில்தான். இந்தக் கணக்கைக் கேட்டு நிம்மதி அடைந்தவன் நான். ஆனால் உயிர் பிழைப்பது வேறு, விரல் பிழைப்பது வேறு. டைமண்ட்பேக்கின் விஷம் சதையை அழிக்கும், ரத்தம் உறையும் தன்மையைக் குலைக்கும். எங்கள் பகுதியிலேயே இருக்கும் மொஹாவி என்ற வகையின் விஷம் பல இடங்களில் நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடியது. முறிமருந்து இரண்டு விதமாக வருகிறது. ஆட்டிலிருந்து எடுக்கும் குரோஃபேப், குதிரையிலிருந்து எடுக்கும் அனாவிப். குரோஃபேப் என்றால் ஆரம்பத்திலேயே நான்கு முதல் ஆறு குப்பி ஏற்றுவார்கள், அனாவிப் என்றால் பத்து. ஒரு குப்பிக்கே ஆயிரக்கணக்கான டாலர். மொத்த ரசீது ஒரு லட்சம் டாலரைத் தாண்டியவர்களின் கதை செய்தித்தாள்களில் வந்திருக்கிறது.

மலையேறப் போகும் நேயர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன். கடித்துவிட்டால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிறு கட்டாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தை உடனே கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. 911ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம், அதை அடித்துக் கொன்று எடுத்துப் போகவும் வேண்டாம். வெட்டிய தலைகூட வெகுநேரம் கடிக்கும்.

ஆனால் என் மனதை மாற்றியது கடி பயம் மட்டுமில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த பாம்பு யார் என்று படிக்கப் படிக்கத்தான் கை பின்வாங்கியது. இவை ஊர் ஊராகத் திரிகிற ஜீவன்கள் இல்லை. தனக்கென்று ஒரு வட்டாரம் வைத்திருக்கும். குளிர் தொடங்கினால் பாறை இடுக்கில் உள்ள அதே பழைய பொந்துக்குத் திரும்பும், பல பாம்புகள் சேர்ந்து அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும். முட்டையிடாது, குட்டி போடும். குட்டிகள் முதல் சட்டை உரிக்கும்வரை தாய் கூடவே இருக்கும். கிழக்கு மாநிலங்களின் டிம்பர் வகையில், ஒரு பெண் பாம்பு முதல் குட்டி போடவே ஏழெட்டு வருடம், சில இடங்களில் அதற்கும் மேல் ஆகும். அதன் பிறகும் சில வருடத்துக்கு ஒரு முறைதான். அப்படிப்பட்ட ஒரு தாயை எடுத்தால், அந்தப் பொந்தில் எத்தனை வருடத்துப் பாம்பை எடுத்துவிட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். டெக்சாஸில் ஸ்வீட்வாட்டர் என்ற ஊரில் 1958 முதல் திருவிழா வைத்து இவற்றை மூட்டை மூட்டையாகப் பிடித்துக் கொல்கிறார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிடித்துக் கொல்பவர்களும் பாசத்தால் பிடிக்கும் நானும் ஒன்றில்லைதான். ஆனால் பொந்தின் கணக்கில் ஒரு பாம்பு குறைவது குறைவதுதான்.

சலித்துப்போனால் திரும்பப் பாலைவனத்தில் விட்டுவிடலாமே என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். கூடாது, தம்பி. கூண்டில் இருந்த பாம்பு காட்டுப் பாம்புகளுக்கு நோயைக் கொண்டுபோகலாம். பழக்கமில்லாத இடத்தில் விட்ட பாம்பு தன் பொந்தைத் தேடித் தேடியே அலையும், பல அப்படியே செத்துப்போகும். முற்றத்துக்கு வந்த பாம்பை அப்புறப்படுத்துகிறவர்கள்கூடப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடுவது அதனால்தான்.

நான் செங்கல்பட்டுப் பக்கம் வளர்ந்தவன். இருளர்கள் வரப்பில் குனிந்து தடம் பார்த்துப் பாம்பு பிடிப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்தில், பிடித்த பாம்பைச் சில வாரம் பானையில் வைத்து, விஷம் எடுத்துவிட்டு, காட்டிலேயே திரும்ப விட்டுவிடுவார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் ஃப்ளோரிடாவுக்கே வந்து மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள், 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பாம்பை அவ்வளவு அறிந்தவர்கள், வேலை முடிந்ததும் அதைத் திருப்பி விடுகிறார்கள். பானை வரிசையை நினைத்துக்கொண்டே என் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன்.

இந்த ஆசை உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால், டூசானில் அரிசோனா சொனோரா பாலைவன அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். இணையத்தில் ராட்டில்கேம் என்ற நேரடி ஒளிபரப்பில் பாம்புப் பொந்தின் வாசலையே பார்க்கலாம், தாயும் குட்டியும் வெயில் காய்வது தெரியும். வீட்டில் வைத்தே தீர வேண்டும் என்றால், கூண்டில் பிறந்த கிங் ஸ்நேக் போன்ற விஷமில்லாத பாம்பு போதும். அதற்கும் 20 வருடப் பொறுப்பு உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெட்டியை ஒரு பள்ளி ஆசிரியைக்குக் கொடுத்துவிட்டேன். கொக்கி மட்டும் என்னிடம் இருக்கிறது, வாசலுக்கு வரும் பாம்பைத் தள்ளிவிட உதவும் என்று முதலில் வைத்திருந்தேன். அதற்கும் இப்போது தீயணைப்புத் துறையைத்தான் கூப்பிடுகிறேன்.

அந்த வருடம் ஜூலையில் முதல் பருவமழை வந்தது. மண் வாசனையோடு பலத்த சாரல். சன்னலிலிருந்து பார்த்தேன், அது பாலோ வெர்டே மரத்தடியிலிருந்து வெட்டவெளிக்கு வந்திருந்தது. உடம்பைத் தட்டையாக விரித்துச் சுருண்டு, தட்டுபோல ஆக்கிக்கொண்டு, தன் செதில்மேல் தேங்கிய மழைத் தண்ணீரைத் தலை குனிந்து குடித்துக்கொண்டிருந்தது. மகளைக் கூப்பிட்டேன். மழை விடும்வரை இருவரும் சன்னலை விட்டு நகரவில்லை.

நன்றி, வணக்கம்.