கராங்குனிக்குப் போன பாட்டு

(சிங்கப்பூரில் சமூக மன்றக் கூட்டம் ஒன்றில் நான் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் அடித்தளத் தலைவர்களே, துவாஸில் வேலை முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் பொருளாளர் அண்ணன் அவர்களே, பொன்னாடை போர்த்திய மகளிர் பிரிவு அக்காமார்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நெறியாளர் தந்த சீட்டில் இரண்டாம் பக்கத்தைக் காணவில்லை.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். வூடி கத்ரி, அவருடைய ஆவணக் காப்பகம், நம்மூர் உருமி மேளம்.

கத்ரி 1912இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்த நாட்டுப்புறப் பாடகர். புழுதிப்புயலில் பிழைப்பு இழந்து ஊரைவிட்டுக் கிளம்பிய சனங்களைப் பற்றிப் பாடியவர். 'இந்தக் கருவி பாசிஸ்டுகளைக் கொல்லும்' என்று கித்தாரிலேயே எழுதிவைத்திருந்த ஆள்! 1967இல் மறைந்தார். 2013இல் டல்சா நகரில் அவருக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். 1940இல் தம் கைப்பட எழுதிய புகழ்பெற்ற பாட்டின் தாளும் அங்கே இருக்கிறது.

அவர் விட்டுச்சென்ற பாடல் வரிகள் ஏறக்குறைய 3,000. பலவற்றுக்கு மெட்டு இல்லை. மெட்டெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்து அவரோடு போய்விட்டன. வரிகளை மகள் பிற்காலப் பாடகர்களிடம் கொடுத்துப் புது மெட்டுப் போடச் சொன்னார். அங்கே தாள் பிழைத்தது, ராகம் போனது. நம் கதை நேர்மாறு. நம்மிடம் தாளே கிடையாது, இருப்பது குரல் மட்டும். அதையும் பழைய கேசட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்து குடல் வற்றிச் செத்ததாம் கொக்கு!

என் தாய்மாமா கதையைக் கேளுங்கள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் சாயம் அடிக்கிற வேலை. ராத்திரியானால் குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து தெம்மாங்கு பாடுவார். அப்பா அதைப் பதினோரு கேசட்டில் பிடித்துவைத்திருந்தார். அம்மா வீடு மாறும்போது, சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த என்னிடம், "டேய், இந்தப் பெட்டி என்னடா?" என்றார். "பழைய குப்பைம்மா" என்றேன். ஆமாம், சொன்னவன் நான்தான். கீழே பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரர் 'பாம் பாம்' என்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனார். இரண்டு வெள்ளிக்கு எல்லாமே போயிற்று, பழைய மின்விசிறியும் சேர்த்து. சாயங்காலம் அப்பா வந்து கேட்டதும், சட்டைகூடப் போடாமல் மூன்று புளோக் ஓடினேன். ஆளைக் காணோம். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒரே ஒரு கேசட் தையல் மெஷின் டிராயரில் கிடந்தது. நாடா வெளியே வந்து சிக்கிக் கிடந்ததைப் பென்சிலை விட்டுச் சுற்றி ஓடவிட்டேன். மாமா பாடுகிறார். நடுவில் பாட்டி, "போதும்டா, புள்ள தூங்குது" என்கிறாள். அந்தப் புள்ள நான்! இதை எந்த அருங்காட்சியகத்தில் விலை கொடுத்து வாங்குவது?

வாய்மொழி வரலாற்று மையம் 1979 முதல் இங்கே பேட்டிகளைப் பதிந்துவருகிறது. கேம்பல் லேனில் 2015 முதல் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டு டிராயருக்குள் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாம்தான் எடுத்துப்போய்க் கேட்க வேண்டும். பெரியவர்கள் இருக்கும்போதே, யார் குரல், எந்த ஊர்ப் பாட்டு என்று கேட்டு உறைமேல் எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் அந்தக் கொக்குதான்.

உருமி மேளத்துக்கு நேரமில்லை, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பின்வாசல் மேசையில் ஒரு கேசட் பிளேயரும் மடிக்கணினியும் வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே மண்டபம். கேசட்டைக் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தருகிறேன். பென்சிலும் என்னிடம் இருக்கிறது.