போட்டிக்குப் போகிற குயில்ட்டும் எங்கட கிணற்றுத் தண்ணியும்

[காட்சி: கிணற்றடி. வெள்ளை வாளி ஒன்று, அடியில் சிவப்புப் படிவு.]

வணக்கம். குயில்ட் என்றால் துணித்துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை. அதைப் போட்டிக்கு அனுப்ப முதல் எப்படிக் கழுவிக் காயவைக்கிறது என்று இண்டைக்குச் சொல்லுறன். முதலில் இந்த வாளியைப் பாருங்கோ. நேற்றுப் பின்னேரம் அள்ளி வைத்தது. அள்ளேக்கை கண்ணாடி மாதிரி இருந்தது, இப்ப அடியில் சிவப்பு. எங்கட பக்கத்துச் சில கிணறுகளில் தண்ணியோடு இரும்பும் கரைந்து வருது. காற்றுப் பட்டதும் அது துருவாய் மாறிப் படியும். மாதக்கணக்காய் இருந்து தைத்த குயில்ட்டை இந்தத் தண்ணியில் முக்கினால் வெள்ளைத் துண்டெல்லாம் பழுப்பாகிவிடும். வெளிற வைக்கிற குளோரின் மருந்தை ஊற்றினால் கறை இன்னும் இறுகும். அதை மட்டும் செய்யாதேங்கோ.

இன்னொன்று, கேத்திலில் வெள்ளையாய்ப் பிடிக்கிற அந்தச் சுண்ணாம்பு. அப்படித் தண்ணியில் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காது, பிசுபிசுப்பாய்த் திரண்டு நூலுக்குள் போய் இருக்கும். அதனால் திரவச் சலவைச் சவர்க்காரம், அதுவும் கொஞ்சம்தான். என்னைக் கேட்டால், மாரியில் ஓட்டுக்கூரைப் பீலியால் பிடித்த மழைத்தண்ணிதான் குயில்ட்டுக்கு உகந்தது. முதல் மழையை விட்டுவிட்டு, கூரை கழுவுப்பட்ட பிறகு பிடியுங்கோ.

[காட்சி: நீலக்கோடு தெரிகிற துணித்துண்டு.]

கழுவ முதல், தையலுக்குக் கீறின கோடுகள். தண்ணியில் போகிற நீலப் பேனை என்றால் முதலில் வெறும் பச்சைத்தண்ணி. கோடு இருக்கேக்கை அயன் பெட்டியைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது, சூடு பட்டால் அது நிலைத்துவிடும். அயன் சூட்டில் மறைகிற பேனையும் இருக்கு. அதை நான் பாவிக்கிறதில்லை, கடுங்குளிரில் கோடு திரும்ப வரும். குளிர்நாட்டுக் காட்சிக்கு அனுப்புகிறவர்கள் இதை யோசிக்க வேணும்.

[காட்சி: சிவப்புச் சீலைத்துண்டும் வெள்ளைத் துணியும்.]

இனிச் சாயம். அம்மாவின் அரக்குச் சீலையில் வெட்டின துண்டுகளை வெள்ளையோடு சேர்த்து நான் ஒரு குயில்ட் தைத்தேன். கழுவிக் கொடியில் போட்டுவிட்டுச் சமைக்கப் போனேன். வந்து பார்க்க, வெள்ளையெல்லாம் ரோசா. அழுகைதான் வந்தது. அந்தச் சீலை இனிக் கிடைக்காது.

அண்டைக்கு எனக்குத் தெரியாததை இப்ப சொல்லுறன். துணியோடு ஒட்டாமல் மிஞ்சி நிற்கிற சாயம்தான் கழருது. வெட்ட முதலே ஒவ்வொரு துணியையும் நனைத்து, வெள்ளைத் துணிக்குள் வைத்து அமத்திப் பாருங்கோ. உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று எங்கட ஆக்கள் சொல்லுவினம். சாயம் தோய்க்கேக்கை உப்பு உதவும், தோய்த்து முடிந்த துணியில் அது சாயத்தைப் பிடித்து வைக்காது.

பிறகும் கழர்ந்துவிட்டதா? காய விடாதேங்கோ, அதுதான் முக்கியம். ஈரம் இருக்கும்வரை வழி இருக்கு. பெரிய தொட்டியில் கை தாங்கிற அளவு சுடுதண்ணி, திரவச் சவர்க்காரம், குயில்ட் முழுக்கத் தண்ணிக்குக் கீழே. ஒரு மூலை வெளியே நின்றாலும் அதிலே சாயம் ஏறும். கழர்ந்த சாயத்தைச் சவர்க்காரம் தண்ணியிலேயே பிடித்து வைத்திருக்கும். இரவு முழுக்க ஊற விட்டு, தண்ணி நிறமில்லாமல் வரும்வரை மாற்றி மாற்றி ஊறப் போடுங்கோ. எனக்கு அப்ப இது தெரிந்திருந்தால் அந்த வெள்ளை தப்பியிருக்கும்.

[காட்சி: விறாந்தையில் பாய், அதன்மேல் வெள்ளைப் பெட்சீட்.]

முறுக்கிப் பிழியக் கூடாது. துவாய்களுக்குள் வைத்துச் சுருட்டி அமத்தி ஈரத்தை எடுங்கோ. கொடியில் போட்டால் ஈரப்பாரம் இழுத்து ஓரம் கோணும். நிழலில் பரப்புங்கோ. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் வீட்டுக்குள்ளேதான், இல்லாட்டிச் செம்புழுதி ஈரத்தில் ஒட்டிவிடும். ஈரமாய் இருக்கேக்கையே மூலைக்கு மூலை குறுக்காய் இரண்டு பக்கமும் அளவுநாடா பிடியுங்கோ. இரண்டு அளவும் ஒன்றாய் வரும்வரை கையால் மெல்ல இழுத்து, துருப்பிடியாத குண்டூசியால் குத்திக் காய விடுங்கோ. நடுவர் முதலில் பார்ப்பது நேரான ஓரத்தையும் தட்டையாய்த் தொங்குகிறதையும்தான்.

தடி நுழைத்துத் தொங்கவிடப் பின்பக்கம் மேலே ஒரு துணிக்குழாய் வேணும். பெரிய காட்சிகளில் வழமையாய் 4 அங்குல அகலம். கொஞ்சம் தளர்த்தித் தையுங்கோ, இல்லாட்டித் தடி முன்பக்கம் புடைத்துத் தெரியும். அளவு விதி காட்சிக்குக் காட்சி மாறும், விண்ணப்பப் படிவத்தைப் பாருங்கோ.

முடிந்த குயில்ட்டை அடுப்படிக்குக் கிட்ட வையாதேங்கோ, விறகுப்புகை பஞ்சுக்குள் ஏறினால் லேசில் போகாது. பூச்சி உருண்டையும் வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைத்த கையை நல்லாய்க் கழுவிவிட்டு, முன்பக்கம் வெளியே வர, சுத்தமான பருத்தித் துணியோடு சுருட்டுங்கோ. சுருட்ட முதல், குத்தின குண்டூசிகளை ஒருக்கால் எண்ணி எடுங்கோ.